சூட்டில் கழன்ற ரப்பர்

போன மாதம் எங்கள் படகு மோட்டார் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. எரிந்துபோன பிஸ்டன். பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோல் கோடுகள். கீழே ஒரு கேள்வி: ‘புது பம்பு, புது தெர்மோஸ்டாட். பிறகும் சூடாகி நிக்குது. என்ன காரணம்?’ மதியத்துக்குள் ஏகப்பட்ட பதில்கள் வந்துவிட்டன. ஒருவர் ஆயில் என்றார், ஒருவர் மோட்டாருக்கு ஊற்றும் மண்ணெண்ணெயில் கலப்படம் என்றார், ஒருவர் வெறுமனே கும்பிடு போட்டிருந்தார். கடைசியில் யாரோ என்னை இழுத்துவிட்டார்கள். ‘சுயம்பு அண்ணன் என்ன சொல்லுதிய?’

ஒற்றை விரலால் தட்டிப் பார்த்து, அழித்துவிட்டேன். படத்தைப் பார்த்து நோய் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் புது பம்பு போட்ட பிறகும் சூடான ஒரு மோட்டாரை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கங்காதரன் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வாட்ஸ்அப்பில் அடங்காது.

எனக்கு ஊர் கொட்டாரம் பக்கம். அப்பாவுக்கு நெல் வியாபாரம். குடும்பத்தில் யாருக்கும் கடலோடு சம்பந்தம் கிடையாது. கன்னியாகுமரிக்குப் போனால் கால் நனைத்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். நாகர்கோவிலில் ஐடிஐ டீசல் மெக்கானிக் படித்துவிட்டு லாரி பட்டறையில் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, குளச்சலுக்குப் பக்கத்தில் வள்ளத்து மோட்டார் விற்கும் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போய்ச் சேர்ந்தவன் முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டேன். முதல் சில வருஷங்கள் மோட்டார் கழுவினேன், திருகாணி கழற்றினேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கங்காதரன் சார் அங்கே ஃபோர்மேன். தக்கலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி. பட்டறைக்குள் வந்து காக்கி மாற்றிக்கொள்வார். மாலையில் மறுபடி வேட்டி. இடைப்பட்ட நேரத்தில் அவர் பேசிய வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துவிடலாம். தண்ணீரை அவர் வெள்ளம் என்றுதான் சொல்வார், போதும் என்பதை மதி என்பார், சுற்றுவதைக் கறங்குவது என்பார், எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து ஆட்கள் சொல்வதுபோல.

மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவரிடம் ‘என்ன கோளாறு?’ என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘கடைசியா எப்ப சரியா ஓடிச்சு?’ என்றுதான் கேட்பார். கோளாறு என்ன என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு முடிவைச் சொல்வார்கள். எப்போது சரியாக ஓடியது என்று கேட்டால், அதற்கும் இன்றைக்கும் நடுவில் நடந்தது வெளியே வரும். மணலில் ஏற்றியது, மச்சான் இரவல் வாங்கிக்கொண்டு போனது, எல்லாம் வரும்.

இன்னொரு சட்டமும் உண்டு. கழற்றிய எந்தச் சாமானையும் அவர் பார்ப்பதற்கு முன் துடைக்கக் கூடாது. மேசையில் ஒரு வெள்ளை ஓடு பதித்திருந்தார். கழற்றிய வரிசைப்படி எல்லாம் அதன்மேல் அழுக்கோடு இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த நாட்களில் நான் ஒரு பம்பு மூடியைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். வந்து பார்த்தார். “கோளாறைத் தொடச்சுக் களஞ்சிட்டியே” என்றார். 

இந்த மோட்டார் சூடாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தின் பின்பலகையில் தொங்கும் மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல்தான் ரேடியேட்டர். தண்ணீருக்குள் இருக்கும் காலில் ஒரு சிறிய பம்பு. அதற்குள் ரப்பர் இதழ்கள் வைத்த ஒரு சக்கரம். இம்பெல்லர் என்போம், மீன்பிடிக்கிறவர்கள் பம்பு ரப்பர் என்பார்கள். மோட்டார் சுற்றும்போது அதுவும் சுற்றிக் கடல் தண்ணீரை மேலே ஏற்றும். தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி வந்து கீழே போகும். ஏறியதற்கு அடையாளமாக, பின்பக்கத்துச் சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் பீய்ச்சியடிக்கும். ‘ஒண்ணுக்குப் போவுதா?’ என்று கடற்கரையில் கேட்டால் மோட்டாரைத்தான் கேட்கிறார்கள். அது நின்றுபோனால் அதிக நேரம் இல்லை. பிஸ்டன் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதற்குத்தான் ஆயிரம் காரணம். எங்கள் பக்கத்தில் துறைமுகத்தில் கட்டுகிற வள்ளங்கள் கொஞ்சம். பெரும்பாலும் மணலில் ஏற்றுகிறவைதான். அடி தரையில் தட்டும்வரை மோட்டாரை முறுக்கி வேகம் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்போது பம்பு தண்ணீரோடு மணலையும் குடிக்கும். இதழ்கள் தேயும், பம்பின் உள்சுவர் கீறும். இது தினசரிக் கதை. சில கோளாறுகள் மட்டும் நினைவில் நிற்கும்.

ஆனி ஆடியில் கடல் கிடந்து அடிக்கும்போது ஒருவர் மோட்டாரை வீட்டில் சாய்த்து வைத்திருந்தார். ஆவணியில் இறக்கினால் தண்ணீர் பீய்ச்சவில்லை. பம்பை மாற்ற வேண்டும் என்று தூக்கிக்கொண்டு வந்தார். சார் துளையில் ஒரு கம்பியை விட்டுக் கிண்டி, சுண்டைக்காய் அளவு மண் உருண்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். குளவி கூடு கட்டியிருந்தது. “பம்புக்கு ஒண்ணும் இல்ல. வேற ஆளு குடி வந்திருக்கு” என்றார். அவர் செய்த வேடிக்கை என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஆட்களை ஏற்றிப் போக ஒரு வள்ளம் வைத்திருந்தார். அந்த மோட்டார் சில நாள் சூடாகும், சில நாள் சூடாகாது. என்னை அனுப்பினார்கள். நல்ல தண்ணீர், மணல் கிடையாது, உப்பு கிடையாது. பம்பைப் பிரித்தேன், ஒன்றுமில்லை. பிறகு அவர்களோடு வள்ளத்தில் போய்த்தான் கண்டேன். ரப்பர் ஷீட்டை முன்பக்கம் அடுக்கி, ஆட்களும் முன்பக்கம் உட்கார்ந்தால் வள்ளத்தின் பின்பகுதி தூக்கிக்கொள்ளும். பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். ஷீட்டைப் பின்னால் அடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான் ரிப்பேர். திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். “ம்” என்றார். பிறகு, “வள்ளத்துல ஏறிப் பாத்தல்லா, அது நல்லது” என்றார். அந்த ‘நல்லது’க்காக நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷப்பட்டேன்.

இனி வின்சென்டின் மோட்டார்.

வின்சென்ட் முட்டம் பக்கத்து ஆள். தம்பி செல்வினோடும் இன்னும் இரண்டு பேரோடும் தொழிலுக்குப் போவார். நல்ல உயரம், உரத்த குரல், மோட்டாரைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறவர். கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் ஓட்டி உப்பைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வள்ளத்தில் மோட்டார் பிடிப்பது, அதாவது பின்னால் உட்கார்ந்து ஓட்டுவது, செல்வின். அவனுக்கு அப்போது இருபதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும்.

வழக்கமாக மாற்றுகிற காலத்தில் அவர்கள் எங்கள் கடையில் ஒரு இம்பெல்லர் வாங்கி மாட்டினார்கள். சில நாளில் மோட்டார் நடுக்கடலில் சூடாகி இறுகிவிட்டது. வேறு வள்ளம் கட்டி இழுத்து வந்தது.

சார் கேட்டார். “கடைசியா எப்ப சரியா ஓடிச்சு?”

“ரப்பர் மாத்துன அன்னைக்கு சார். அதுக்குப் பொறவும் ரெண்டு மூணு நாளு ஒரு கொறையுமில்ல” என்றார் வின்சென்ட்.

பிரித்தோம். பிஸ்டன் பிறாண்டியிருந்தது. ஆனால் பம்பு? இதழ் ஒன்றுகூடக் கிழியவில்லை. இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சாவி முறியவில்லை. தண்ணீர் மேலே ஏறும் குழாய் அதனதன் வாயில் சரியாக உட்கார்ந்திருந்தது. சூடு ஏறினால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டோம். திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தது. சிலிண்டரைச் சுற்றிய வழிகளில் உப்புக் கட்டவில்லை. சார் எல்லாவற்றையும் ஓட்டின்மேல் பரப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிலிண்டரைச் சீர் செய்து, புது பிஸ்டன் போட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு புது இம்பெல்லரும் மாட்டச் சொன்னார். முன்பு அவர்கள் வாங்கியது எந்தப் பெட்டியிலிருந்தோ, அதே பெட்டியிலிருந்துதான் எடுத்தேன். டிரம்மில் ஓட்டிப் பார்த்தோம். நேராக, பலமாகப் பீய்ச்சியது. வின்சென்ட் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோனார்.

இரண்டாம் தடவை அது நடுக்கடலில் நிற்கவில்லை. கரை ஏறும்போது நின்றது.

அலை உடைகிற இடத்தைத் தாண்டி வருவதற்கு மோட்டாரை முழுசாக முறுக்கி, ஒரு அலையின் முதுகிலேயே ஏறி வர வேண்டும். அந்த இடத்தில் இறுகிக்கொண்டது. வள்ளம் குறுக்கே திரும்பியது, அடுத்த அலை அதை மறித்து, கவிழ்த்துப் போட்டது. மற்றவர்கள் நீந்திவிட்டார்கள். செல்வினின் வலது கால் வள்ளத்தின் விளிம்புக்கும் மணலுக்கும் நடுவில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்தது. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மோட்டாரைக் கடலிலிருந்து தேடி எடுத்து மறுநாள் காலை கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டார் வின்சென்ட். வைக்கவில்லை, போட்டார்.

“எனக்கு ஒங்கட்ட ஒண்ணும் கேக்கதுக்கு இல்ல சார்” என்றார். “ஒங்க வேலையில கொறை இருக்கும்னா அது தெய்வத்துக்குத் தெரியும். நான் அவனத்தான் சொல்லுவேன். தண்ணி போவுதான்னு பொறத்த திரும்பிப் பாக்கணும்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன். பாக்காம முறுக்கியிருக்கான். இனி அவன் என் வள்ளத்துல ஏறண்டாம்.”

“அவன் என்ன சொல்லுதான்?” என்று கேட்டார் சார்.

“பாக்கலன்னுதான் சொல்லுதான். அவனே ஒத்துக்கிட்டான். பொறவு என்ன?”

 வின்சென்ட் போனதும் சார், கையில் இருந்த மற்ற வேலைகளை ஓரங்கட்டச் சொன்னார். கடலில் முங்கிய மோட்டாரை உடனே பிரித்துக் கழுவாவிட்டால் துருவாகிவிடும். தலைப்பகுதியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, பம்பை என்னிடம் தந்தார்.

மூடியைக் கழற்றினேன். இம்பெல்லரை உருவி ஓட்டின்மேல் வைத்தேன். இதழ்கள் புதுசாகவே இருந்தன. இம்பெல்லருக்கு நடுவில் ஒரு பித்தளை புஷ் உண்டு. தண்டும் சாவியும் அந்தப் பித்தளையைத்தான் சுற்றும். பித்தளையோடு ஒட்டியிருப்பதால் ரப்பரும் சுற்றும். அந்தப் பித்தளையும் ரப்பரும் சேரும் இடத்தில் மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று படிந்திருந்தது. கண்மை தீட்டியதுபோல.

“இது என்னவாக்கும்?” என்றார் சார்.

“கிரீஸ் சார்.”

விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். என் விரலிலும் தேய்த்தார். “கிரீஸ் வழுக்கும். இது வழுக்குதா?”

வழுக்கவில்லை. பொடியாக இருந்தது. ரப்பர் பொடி.

பித்தளையை வைஸில் மென்மையாகக் கவ்வ வைத்து, ரப்பரை ஈரத் துணியால் பிடித்துத் திருகச் சொன்னார். என் பலம் முழுவதும் போட்டேன். அசையவில்லை. அவரும் திருகினார். அசையவில்லை.  பிறகு பக்கத்து டீக்கடையைப் பார்த்து, “சாயா வேண்டாம். ஒரு கிண்ணம் சூடு வெள்ளம் மதி” என்று குரல் கொடுத்தார்.

கொதிக்கக் கொதிக்க வந்தது. இம்பெல்லரை அதில் போட்டார். நாங்கள் இருவரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே எடுத்து மறுபடி வைஸில் கவ்வினார். துணியால் பிடித்துத் திருகினார். விரலில் மோதிரம் சுற்றுவதுபோல் ரப்பர் பித்தளையின்மேல் சுற்றியது.

இரண்டு முறை செய்து பார்த்தார். ஆறியதும் இறுகியது, சூடானதும் சுற்றியது.

அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. டிரம்மில் மெதுவாக ஓட்டும்போது ரப்பர் பித்தளையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் சுற்றும், தண்ணீர் ஏறும், பீய்ச்சும். கடலில் முழுசாக முறுக்கினால் பம்புக்குப் பாரம் கூடும். ஒட்டு இளகும், கொஞ்சம் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் இன்னும் வழுக்கும். கடைசியில் பித்தளை மட்டும் உள்ளே சுற்றும், ரப்பர் சும்மா நிற்கும். பிரித்துப் பார்த்தால் இதழெல்லாம் புதுசு.

சார் அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தார். மிச்சமிருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சூடு தண்ணீரில் போட்டார். ஒன்று சுற்றியது. அடுத்தது சுற்றவில்லை. அதற்கடுத்தது சுற்றியது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. பழைய சரக்கா, போலிச் சரக்கா, எங்கே தவறு என்று எங்களுக்குக் கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெட்டி பாதிக்கு மேல் காலியாகியிருந்தது என்பது மட்டும் தெரிந்தது. கவுண்டரில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். யார் வாங்கினார்கள், எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் இல்லை.

முதலாளி நாகர்கோவிலிலிருந்து காரில் வந்தார். அவரும் கெட்ட மனிதர் அல்ல. வின்சென்டின் மோட்டாரை முழுசாகச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று கேட்பதற்கு முன்பே சொன்னார். “வாறவங்களுக்கெல்லாம் மாத்திக் குடுத்திருவோம்” என்றார். “யாரு வந்தாலும். அதில எனக்கு ஒரு தர்க்கமும் இல்ல.”

“வராதவங்க?” என்றார் சார்.

“அதுக்கு ஊரு ஊராப் போய் தண்டோராப் போடணும்னா சொல்லுதீரு? நம்ம கடை சாமான்ல கோளாறுன்னு நாமளே சொன்னா, நாளைக்கு எவன் ஓய் நம்ம கடையில ஏறுவான்?”

“கடையில ஏறண்டாம் முதலாளி. கடல்ல எறங்காம இருந்தா மதி.”

 முதலாளி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். சார் காக்கியைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டார். மாலை ஆகவில்லை, மதியம்தான். நல்ல இம்பெல்லர்கள் கொஞ்சம் வேறு பெட்டியிலிருந்து எடுத்து, அவற்றையும் சூடு தண்ணீரில் போட்டுப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

முதலில் வின்சென்டின் ஊருக்குத்தான் போனோம். கிறிஸ்தவக் கோயிலில் பங்குச் சாமியாரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். சாமியார் நடுவயதுக்காரர். முழுசாகக் கேட்டுவிட்டு, “கோயில் மைக்குல நான் பேசட்டா, நீங்க பேசுதியளா?” என்றார்.

“நான் பேசுதேன். சாமான் எங்களுக்கதாக்கும்.”

நான்கு பேருக்கு முன்னால் வாய் திறக்காத மனிதர். மைக்கை வாங்கினார். குரல் ஏற்ற இறக்கமில்லாமல், பஸ் நிலையத்தில் வண்டி நேரம் சொல்வதுபோல் வந்தது. தான் யார், எந்தக் கடை என்று முதலில் சொன்னார். பிறகு, “எங்க கடையில இப்ப சமீபத்துல வாங்கின பம்பு ரப்பர்ல கோளாறு உண்டு. மோட்டார்ல மாட்டியிருந்தா கழத்துங்க. கொதிக்கிற வெள்ளத்துல போட்டு எடுங்க. நடுவுல இருக்கிற பித்தளைய குறடால புடிச்சிட்டு, ரப்பரைத் துணியால புடிச்சுத் திருகுங்க. கறங்குனா அது ஆகாது. கடலுக்குக் கொண்டு போவண்டாம். கறங்கலன்னா மறுபடியும் ஒருக்கா போட்டுப் பாருங்க” என்றார். அதையே இன்னொரு முறை, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்.

வெளியே வந்தபோது கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியிருந்தது. முன்னால் வின்சென்ட் நின்றார்.

“அப்போ எனக்க தம்பி காலு ஒடிஞ்சது அவன் பாக்காததுனால இல்ல. ஒங்க சாமானுனால. அப்படித்தான?”

“ஆமா” என்றார் சார்.

அந்த ஆமாவோடு ‘ஆனால்’ ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒருவன் முன்னால் பாய்ந்து வர, பெரியவர் ஒருவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் பயந்துபோனேன் என்பதை மறைப்பதற்கில்லை. சார் கையில் பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.   வின்சென்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கோயில் திருவிழாச் சமையலுக்கு வைத்திருந்த பெரிய அண்டாவைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் அவர் மனைவி விறகோடு வந்தாள். முற்றத்தின் ஓரத்தில் கல் கூட்டி அண்டாவை ஏற்றினார்.

“ஒவ்வொருத்தனும் வீட்டுல போயி எப்பச் சுட வைக்க? எல்லாத்தையும் இங்க கொண்டாங்கல” என்று கத்தினார்.

கொண்டுவந்தார்கள். மோட்டாரின் காலைக் கழற்றத் தெரிந்தவர்கள் கழற்றினார்கள், தெரியாதவர்களுக்கு நான் கழற்றினேன். சார் அண்டாவுக்குப் பக்கத்தில் குத்த வைத்து, அகப்பையால் எடுத்து எடுத்துத் திருகினார். சுற்றியவற்றை ஒரு பக்கம் வீசினார். அந்தக் குவியல் வளர வளரக் கூட்டத்தில் சத்தம் குறைந்தது. அங்கே முடித்துவிட்டு அடுத்த ஊர், மறுநாள் அதற்கடுத்த ஊர் என்று போனோம். எல்லா இடத்திலும் அதே அறிவிப்பு, அதே வார்த்தைகள்.

நாங்கள் போவதற்கு முன்பே ஒரு வள்ளம் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தது. ரப்பர் புதுசாக மாட்டியது என்று அந்த வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். செல்போன் எட்டாத தூரம். தேடிப் போக இரண்டு வள்ளம் ஆயத்தமானபோது, மறுநாள் முற்பகலில் அது தானாக வந்தது, நடந்து வருவதுபோல் மெதுவாக. முறுக்கினால் சூடாகிறது, மெதுவாக ஓட்டினால் சூடாகவில்லை என்று கண்டுபிடித்து அப்படியே ஓட்டி வந்திருக்கிறார்கள். வழியில் தூண்டில் போட்டுக்கொண்டும் வந்திருக்கிறார்கள். கரையில் அத்தனை கூட்டத்தைக் கண்டு, “யாருலே செத்துப் போனா?” என்று கேட்டார்கள்.

கடைக்கு அடி விழத்தான் செய்தது. அடுத்த பல மாதங்கள் கவுண்டரில் ஈ ஓட்டினோம். முதலாளி சாரோடு நேராகப் பேசாமல் என் மூலமாகவே எல்லாம் சொல்லியனுப்பினார். பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆனால் புது ரப்பர் கேட்டால் ‘சுட வச்சுத் திருகிக் காட்டிட்டுத் தாங்க’ என்பார்கள். முதலாளியே ஒரு மின்சாரக் கெட்டில் வாங்கி வைத்தார். நான் ஓய்வு பெறும்வரை அது கவுண்டரில் இருந்தது. இப்போதைய மோட்டார்களில் சூடானால் கூவும் பஸ்ஸர் இருக்கிறது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அது நல்ல ஏற்பாடு. பழையதே மேல் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதில் ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்ல வேண்டும்.

ஊர் ஊராகப் போய் முடித்த மறுநாள், வேலை முடிந்து சார் தக்கலை பஸ்ஸில் ஏறாமல் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினார். என்னையும் வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் செல்வின் கட்டிலில் கிடந்தான். கால் கட்டுப் போட்டு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வின்சென்ட் கட்டிலைவிட்டு விலகி வாசலில் நின்றார். அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

சார் யாரையும் குசலம் விசாரிக்கவில்லை. என்னைக் கேன்டீனுக்கு அனுப்பி எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் தண்ணீர் வாங்கி வரச் செய்தார். பையிலிருந்து அவர்களுடைய இம்பெல்லரை எடுத்தார். முதலில் ஆறியபடியே, ஒரு சிறு குறடோடு, செல்வின் கையில் கொடுத்தார்.

“திருகு.”

செல்வின் புரியாமல் திருகினான். அசையவில்லை.

வாங்கி டம்ளரில் போட்டார். காத்திருந்தோம். பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். சார் அதை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி மறுபடி கொடுத்தார்.

செல்வின் திருகினான். சுற்றியது. அவன் கை சட்டென்று நின்றது. பிறகு மெதுவாக இன்னொரு சுற்று.

“சார், நான் அன்னைக்குத் திரும்பிப் பாக்கல” என்றான். “அது உள்ளதாக்கும். பாத்திருந்தா தண்ணி நின்னது தெரிஞ்சிருக்கும்லா?”

 சார் ஆறுதலுக்காக எதையாவது சொல்கிற மனிதர் அல்ல என்பதால், என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

“தெரிஞ்சிருக்கும்” என்றார். “தெரிஞ்சா நீ என்ன செய்வ? மோட்டாரை நிறுத்துவ. அலை ஒடையுற எடத்துல நிறுத்துனா வள்ளம் குறுக்க திரும்பும். மறியும். நிறுத்தலன்னா மோட்டாரு தானே நிக்கும். அப்பவும் மறியும். அந்த எடத்துல நீ பாத்தாலும் ஒண்ணுதான், பாக்கலன்னாலும் ஒண்ணுதான். ஒனக்குச் செய்யதுக்கு ஒண்ணும் இருந்துதில்ல.”

செல்வின் தலையை நிமிர்த்தவில்லை. கையில் இருந்ததைத் திருகிக்கொண்டே இருந்தான். அது ஆறி இறுகுவதும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் நின்றுபோனது. வாசலில் நின்ற வின்சென்ட் உள்ளே வந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது அதில் புதிதாகக் கொதிக்கும் தண்ணீர் இருந்தது. தம்பியின் கட்டிலோரத்தில் வைத்தார்.

“இன்னொருக்கா போட்டுப் பாருலே” என்றார்.  பிறகு, “காலு சரியான பொறவு மோட்டாரு நீயே புடி” என்றார்.

செல்வின் இம்பெல்லரை டம்ளரில் போட்டான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னார். நாங்கள் எழுந்தோம். சார் குறடை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். இம்பெல்லரைச் செல்வின் தரவில்லை. சாரும் கேட்கவில்லை.